குதிரைப் பண்ணையில் ஏழு நாள்

குதிரை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது அதன் ஓட்டமே ஆகும். நிமிர்ந்த கழுத்தும், காற்றில் அலையும் பிடரிமயிரும், மண்ணை உதைத்தெழும் குளம்பும் நம் உள்ளத்தைக் கவர்கின்றன. ஊர்ப்புறத்து ஐயனார் கோயிலில் முன்கால் தூக்கி நிற்கும் சுதைக்குதிரையைக் காணும் சிறுவனும் அதன் வீறு கண்டு வியந்து நிற்கின்றான். ஆயின், உயிருள்ள குதிரையின் வீறு தானே வருவதன்று. வைகறையில் எழுந்து தீனி வைப்பவர், பந்தியைக் கூட்டுபவர், குளம்பைச் செதுக்குபவர், நோய்வாய்ப்பட்டபோது இரவெல்லாம் கண்விழிப்பவர் ஆகிய பலருடைய உழைப்பு அதன் பின்னே மறைந்து நிற்கின்றது. அவ்வுழைப்பின் இயல்பை இப்பாடத்தில் காண்போம்.

பழம்புகழ்

விழுப்புரமும் திண்டிவனமும் அமைந்த நிலப்பகுதி குதிரையோடு நெடுங்காலத் தொடர்புடையது. இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கில், பண்டை நாளில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனுக்கு உரிய ஊராக விளங்கிற்று. அவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, வள்ளல்கள் எழுவரின் கொடையையும் கூறுகின்றது. அவருள் காரி என்பான் இரவலர்க்குக் குதிரைகளை வழங்கியவன். அவன் ஊர்ந்த குதிரையின் பெயரும் காரி என்பதேயாம். அவனுடைய திருக்கோவலூர் விழுப்புரத்திற்கு மேற்கே, தென்பெண்ணையாற்றின் கரையில் உள்ளது.

நம் முன்னோர் குதிரைக்குப் பரி, புரவி, இவுளி, பாய்மா எனப் பல பெயர்கள் இட்டு வழங்கினர். குதிரையின் பெண்ணைப் பெட்டை என்றும், இளமையைக் கன்று என்றும் கூறுதல் மரபு என்று தொல்காப்பியம் வகுத்துள்ளது. இக்காலத்தில் கன்றினைக் குட்டி என்று கூறுவது பெருவழக்காயிற்று.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியில், மூன்று குன்றுகளை வளைத்து நிற்கின்றது செஞ்சிக் கோட்டை. 2025ஆம் ஆண்டில், மராட்டியர் படைத்திறத்தைக் காட்டும் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக இஃது உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இக்கோட்டையினுள்ளே கலியாண மகாலை அடுத்துக் குதிரை லாயங்களின் வரிசையை இன்றும் காணலாம். இக்கோட்டையை ஆண்ட தேசிங்கு, ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது 1714ஆம் ஆண்டில் இளமையிலேயே உயிர்நீத்தான். அவனைப் பற்றிய கதைப்பாடல் அவனை மட்டுமன்றி, அவன் அடக்கி ஊர்ந்த குதிரையையும் போற்றுகின்றது. ஆனால், அந்த லாயங்களில் குதிரைகளுக்குத் தண்ணீர் சுமந்தவர் யார்? புல் அறுத்து வந்தவர் யார்? அவர்களைப் பற்றி எப்பாடலும் எழவில்லை.

பொன்னுக்கு வாங்கியும் நிலையாத செல்வம்

தமிழகத்துக்கு வேண்டிய குதிரைகளுட் பல கடல் கடந்தே வந்தன. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் மரக்கலங்களில் குதிரைகள் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பாண்டியன் தந்த பொருளைக் கொண்டு குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். குதிரைக்காக அரசர் செலவிட்ட பொன் எத்துணைப் பெரிது என்பதை அவ்வரலாறு உணர்த்தும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரையை அடைந்த வெனிசு நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ, இவ்வாணிகத்தைப் பற்றி எழுதியுள்ளார். ஆண்டுதோறும் ஏடன், ஓர்முசு முதலிய துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குதிரைகள் வந்தன என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் மிகச் சிலவே உயிரோடு எஞ்சின என்றும் அவர் கூறுகின்றார். அதற்கு அவர் காட்டும் காரணம் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. குதிரையைப் பேணும் முறையை இங்குள்ளோர் அறிந்திலர். சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் குதிரைக்கு ஊட்டினர். குதிரை மருத்துவம் அறிந்தவர் இங்கு வந்து தங்காதவாறு வணிகர் தடுத்துவிட்டனர். குதிரைகள் மடிந்தால்தானே மறுபடியும் விற்கலாம்! அயல்நாட்டார் ஒருவரின் கூற்றாதலின், இதில் சிறிது மிகை இருத்தல் கூடும். எனினும், இதன் உள்ளே பொதிந்த உண்மை பெரிது. பொன் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். அதன் உயிரை நிலைநிறுத்தும் அறிவையும் உழைப்பையும் பொன்னால் மட்டும் பெற இயலாது.

அவ்வறிவும் உழைப்பும் யாவை? விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே ஆறு குதிரைகள் உள்ள சிறு பண்ணை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பங்குனி மாதத்தில் ஒரு வாரம் அங்குத் தங்கியிருப்பதாக எண்ணிக்கொண்டு, நாள்தோறும் நிகழ்வனவற்றை நோக்குவோம்.

திங்கள்: தீனியும் தண்ணீரும்

கிழக்கு வெளுக்கும் முன்னரே பண்ணை விழித்துக்கொள்கின்றது. பண்ணைக்காரர் முதலில் தீனிக் கூடையைத் தொடுவதில்லை. ஒவ்வொரு குதிரையின் முன்னும் சிறிது நேரம் நின்று அதனைப் பார்க்கின்றார். இரவு வைத்த புல்லைத் தின்றிருக்கின்றதா, இலத்தி வழக்கம்போல் உள்ளதா, நான்கு கால்களையும் சமமாக ஊன்றி நிற்கின்றதா, கண் தெளிவாக உள்ளதா என்று நோக்குகின்றார். தன் நோயைச் சொல்லக் குதிரைக்கு வாயில்லை. ஆதலின், பேணுபவரின் கண்ணே அதற்கு வாயாதல் வேண்டும்.

குதிரையின் உடல் பெரிதாயினும் அதன் இரைப்பை சிறியது. மாட்டைப் போல அஃது அசைபோடுவதில்லை. உண்டதை வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. இயற்கையில் பகலும் இரவும் சிறிது சிறிதாக மேய்ந்துகொண்டே இருக்கும் விலங்கு அது. இக்காரணத்தால் ஒரே வேளையில் மிகுதியாகத் தீனியிடாமல், நாளில் பல முறை சிறிது சிறிதாக இடுகின்றனர். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ வரை உலர்ந்த புல்லோ அதற்கு ஈடான தீவனமோ வேண்டும். அருகம்புல்லும், உலர்புல்லும், இப்பகுதியில் மல்லாட்டை என்று வழங்கும் வேர்க்கடலையின் காய்ந்த கொடியும் இங்கே பயன்படுகின்றன. உழைக்கும் குதிரைக்கு ஊறவைத்த கொள்ளும் தவிடும் அளவறிந்து சேர்க்கப்படுகின்றன.

தண்ணீரோ ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை வேண்டும். வெயிற்காலத்தில் அதற்கும் மேலாகும். ஆறு குதிரைகளுக்கும் இருநூறு லிட்டருக்குக் குறையாமல் தொட்டியில் நிறைத்தல் வேண்டும். குதிரை மிகுதியாக வியர்க்கும் விலங்கு. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், நக்குவதற்கு உப்புக்கட்டி ஒன்றும் பந்தியில் தொங்குகின்றது.

செவ்வாய்: பந்தியின் தூய்மை

குதிரை கட்டும் இடத்தைப் பந்தி என்பது பழைய வழக்கு. லாயம் என்பது பின்வந்த வழக்கு. நாள்தோறும் பந்தி தூய்மை செய்யப்படினும், செவ்வாய்க்கிழமை தரையிலிட்ட வைக்கோல் முழுவதையும் அகற்றிக் கழுவி உலர்த்துகின்றனர். ஈரத்தில் நிற்கும் குளம்பு அழுகும். சிறுநீரின் நெடி நுரையீரலைக் கெடுக்கும். குப்பையில் ஈ பெருகும். குருதி உறிஞ்சும் ஈக்களுட் சில, ஒரு விலங்கிலிருந்து மற்றொரு விலங்குக்கு நோயைக் கொண்டு செல்வன.

ஒரு குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ சாணம் இடும். ஆறு குதிரைகளின் ஒரு வாரச் சாணம் எண்ணூறு கிலோவைத் தாண்டும். இதனைக் குழியிலிட்டு மக்கச் செய்து, அண்டை அயலிலுள்ள உழவர் தம் வயலுக்கு எடுத்துச் செல்கின்றனர். வயலிலிருந்து கொடியாக வந்தது, எருவாகி வயலுக்கே திரும்புகின்றது.

புதன்: லாடம்

இன்று லாடம் கட்டுபவர் வருகின்றார். நம் நகம் வளர்வது போலவே குதிரையின் குளம்பும் வளர்கின்றது. திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒரு முறை அதனைச் செதுக்கிச் சமன் செய்யாவிட்டால், கால் மூட்டுகள் கோணும், நடை கெடும்.

அவர் குதிரையின் தோளைத் தடவிக்கொண்டே குனிந்து, காலைத் தம் முழங்கால்களுக்கிடையே தாங்கிக்கொள்கின்றார். பழைய லாடத்தைக் கழற்றி, குளம்பைச் செதுக்கி, அரத்தால் தேய்த்து, புதிய லாடத்தை வைத்து அளவு பார்க்கின்றார். குளம்பின் புற ஓட்டில் உணர்ச்சியில்லை. அதனுள்ளே உணர்ச்சி மிக்க தசை உண்டு. ஆணி அவ்வோட்டின் அளவுக்குள்ளேயே நுழைந்து வெளியேறுதல் வேண்டும். ஒரு நூலளவு உள்ளே சென்றாலும் குதிரை நொண்டும். புண்பட்டுச் சீழ் பிடிக்கும். கல் பாவிய சாலையில் ஓடாத குதிரைக்கு லாடம் வேண்டா என்று சிலவற்றைச் செதுக்கி மட்டும் விடுகின்றார். வேண்டியதைச் செய்வது போலவே வேண்டாததைத் தவிர்ப்பதும் தொழிலறிவே.

வியாழன்: பயிற்சி

பங்குனி வெயில் ஏறுமுன் பயிற்சி முடிதல் வேண்டும். முதலில் தூரிகையால் உடல் முழுவதையும் தேய்க்கின்றனர். அழுக்கு நீங்குவது மட்டுமன்று, தேய்க்கும் கைக்குச் சிறு வீக்கமும் சிறு காயமும் தட்டுப்படும். சேணத்தின் கீழ் ஒரு சிறு மணலிருந்தாலும் அது முதுகைப் புண்ணாக்கிவிடும். ஆகவே முதுகைத் துடைத்து, விரிப்பிட்டு, சேணம் வைத்து, வயிற்றுவாரை இறுக்கி, கடிவாளம் பூட்டுகின்றனர்.

இளங்குதிரை ஒன்று நீண்ட கயிற்றில் வட்டமாகச் சுற்றி வரப் பழகுகின்றது. நடை, துள்ளுநடை, பாய்ச்சல் என்னும் மூன்றையும் குரல் கேட்டு மாற்றக் கற்கின்றது. சொன்னபடி செய்தவுடன் பிடித்த கயிற்றைத் தளர்த்துகின்றார் பயிற்றுபவர். அத்தளர்வே அதற்குப் பரிசு. அடித்துக் கற்பித்தது அச்சம் உள்ளவரை நிற்கும். பொறுமையாகக் கற்பித்தது வாழ்நாள் முழுவதும் நிற்கும். முடிவில் குதிரையை மெல்ல நடத்தி, உடல் தணிந்தபின், நீரூற்றிக் குளிர்விக்கின்றனர்.

வெள்ளி: வயிற்றுவலி

மாலையில் பண்ணையில் அமைதி குலைகின்றது. செந்நிறக் குதிரை ஒன்று தீனியைத் தொடவில்லை. முன்காலால் மண்ணைக் கீறுகின்றது. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கின்றது. படுத்துப் புரள முயல்கின்றது. பண்ணைக்காரர் கண்டவுடன் அறிந்துகொள்கின்றார். இது வயிற்றுவலி. மனிதர்க்கு எளிதாகத் தோன்றும் இந்நோய் குதிரையின் உயிரைக் கொள்ளவும் வல்லது.

வினவியபோது காரணம் வெளிப்படுகின்றது. புதிதாக வேலைக்கு வந்த இளைஞர், நண்பகலில் அக்குதிரை தலையசைத்துக் கேட்டதாக எண்ணி, அன்பினால் கூடையிலிருந்த கொள்ளை அள்ளி அள்ளி வைத்துவிட்டார். அளவறியாத அன்பும் தீங்காகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

உடனே கால்நடை மருத்துவருக்குத் தொலைபேசியில் செய்தி செல்கின்றது. தீனி முழுவதும் அகற்றப்படுகின்றது. இயல்பான நிலையில் குதிரையின் நாடி நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை துடிக்கும். இப்போது 60ஐத் தாண்டியுள்ளது. மருத்துவர் வந்து, மூக்கு வழியே நீண்ட குழாயைச் செலுத்தி இரைப்பையின் அழுத்தத்தைத் தணிக்கின்றார். வலி குறைய ஊசி இடுகின்றார். வயிற்றின் மீது காதை வைத்துக் குடலின் ஓசையைக் கேட்கின்றார். ஓசை நின்றால் நோய் முற்றியது என்று பொருள்.

இரவு முழுவதும் அவ்விளைஞரே பந்தியின் வாயிலில் அமர்ந்திருக்கின்றார். அரைமணிக்கு ஒரு முறை நாடியை எண்ணித் தாளில் குறிக்கின்றார். அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பது எனத் துடிப்பு இறங்குகின்றது. விடியற்காலையில் குதிரை சிறிது இலத்தி இடுகின்றது. பிறர்க்கு அஃது அருவருக்கத்தக்க பொருள். அவர்க்கோ அஃது உயிர் மீண்டதன் அறிகுறி! அவரை எவரும் கடிந்துரைக்கவில்லை. சுவரில் தீனியளவை எழுதிய பலகை ஒன்று மட்டும் மறுநாள் காலையில் மாட்டப்படுகின்றது; அதனை எழுதியவரும் அவரே.

சனி: மருந்தும் கொடியும்

நோயுற்ற குதிரையைப் பார்க்க மீண்டும் வந்த மருத்துவர், மற்றவற்றையும் ஆராய்கின்றார். குதிரைகள் இழுப்புநோய்க்கு எளிதில் ஆட்படும். துருப்பிடித்த ஆணியால் ஏற்பட்ட சிறு காயமும் அதற்குப் போதும். ஆகவே உரிய காலத்தில் தடுப்பூசி இடப்படுகின்றது. பற்களில் கூர்மை ஏறியிருந்தால் அரத்தால் தேய்க்கப்படுகின்றது.

மார்கழிப் பட்டத்தில் விதைத்த மல்லாட்டை அறுவடையாகும் காலம் இது. வண்டியில் கொடி வந்திறங்குகின்றது. பண்ணைக்காரர் கட்டுகளைப் பிரித்து முகர்ந்து பார்க்கின்றார். இரண்டு கட்டுகளில் பூசணம் பிடித்திருக்கின்றது. விலை கொடுத்தாயிற்றே என்று அவர் எண்ணவில்லை. அவற்றைத் தீனியில் சேர்க்காமல் எருக்குழிக்கு அனுப்புகின்றார். பூசணத்தில் தோன்றும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும் என்பதை அவர் அறிவார். மண்ணையும் உதறிய பின்னரே கொடி பந்திக்குள் செல்கின்றது. தீனியோடு மணலை விழுங்கும் குதிரையின் குடலில் அது தங்கி நோய் செய்யும்.

ஞாயிறு: புதிய உயிர்

பகலில் சிறுவர் சிலர் குதிரையேற்றம் பழக வருகின்றனர். ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரும் தாம் ஏறும் குதிரைக்குத் தண்ணீர் காட்டுதலும், குளம்பைத் துடைத்தலும் இப்பண்ணையின் விதி. பணிசெய்த பின்னரே பயன்பெறுதல் என்னும் பாடத்தை அவர்கள் இங்குக் கற்கின்றனர்.

இரவில் பண்ணை முழுவதும் ஒரு பந்தியையே நோக்கியிருக்கின்றது. பெட்டைக்குதிரை ஒன்று சூல்கொண்டு பதினொரு திங்கள் நிறைந்துவிட்டன. அதன் மடிக்காம்பில் மெழுகு போன்ற துளி முதல்நாளே தோன்றியது. குதிரைகள் பெரும்பாலும் இரவின் அமைதியிலேயே ஈனும். விளக்கொளியைக் குறைத்து, சற்று விலகி நின்று காத்திருக்கின்றனர். நள்ளிரவுக்குப் பின் பனிக்குடம் உடைகின்றது. இரு முன்கால்களும், அவற்றின் மேல் படிந்த மூக்கும் முதலில் தோன்றுகின்றன. அரைமணிக்குள் கன்று வைக்கோலின் மேல் கிடக்கின்றது.

இப்போது மூன்று காலக்கணக்குகளை அவர்கள் மனத்திற்கொள்கின்றனர். பிறந்த ஒரு மணிக்குள் கன்று எழுந்து நிற்றல் வேண்டும். இரண்டு மணிக்குள் பால் குடித்தல் வேண்டும். மூன்று மணிக்குள் தாயின் நஞ்சுக்கொடி விழுதல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் மருத்துவரை அழைக்கத் தாழ்த்தலாகாது. குதிரைக்கன்று நோயை எதிர்க்கும் ஆற்றலைத் தாயின் கருப்பையில் பெறுவதில்லை, சீம்பாலிலிருந்தே பெறுகின்றது. அவ்வாற்றலைக் குடல் ஏற்பதும் பிறந்த முதல் நாளில் மட்டுமேயாம். அந்நாள் கழிந்தால் எவ்வளவு பால் கொடுத்தும் அது திரும்பாது.

நீண்ட மெல்லிய கால்களை ஊன்றி எழுகின்றது கன்று, விழுகின்றது, மறுபடியும் எழுகின்றது. எவரும் ஓடிச்சென்று தூக்கவில்லை. நான்காம் முறை நின்றுவிடுகின்றது. தாயின் மடியைத் தேடிக் கண்டு, அது குடிக்கும் ஓசை கேட்கின்றது. கிழக்கு வெளுக்கின்றது. பண்ணைக்காரர் கைகழுவிக்கொண்டு மற்ற குதிரைகளின் முன் ஒவ்வொன்றாக நின்று பார்க்கத் தொடங்குகின்றார்; திங்கட்கிழமைத் தீனிக்கு நேரமாகிவிட்டது.

பேணும் அறிவே பெருஞ்செல்வம்

மாணவர்களே! குதிரையின் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். பாம்புக்கடிக்கு நம் நாட்டில் இடப்படும் நச்சுமுறி மருந்து, குதிரையின் குருதியிலிருந்தே எடுக்கப்படுகின்றது. ஓசூரை அடுத்த மத்திகிரியில், கும்பினியார் ஆட்சியில், 1824ஆம் ஆண்டு குதிரை வளர்ப்பிற்காகத் தோன்றிய பண்ணை, இன்று அரசின் கால்நடைப் பண்ணையாக விளங்குகின்றது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டு முதல் மருத்துவர்களை உருவாக்கி வருகின்றது. பாண்டியர் காலத்தில் குதிரையோடு வந்து சேராத அறிவு இன்று நம் நாட்டிலேயே கற்பிக்கப்படுகின்றது.

ஆயினும், கல்லூரியில் கற்ற அறிவு பந்தியில் நாள்தோறும் செயலாக மாறுதல் வேண்டும். வாரத்தில் ஆறு நாள் செவ்வனே பேணி, ஏழாம் நாள் மறந்தால், ஆறு நாள் உழைப்பும் வீணாகும். இவ்வுண்மை குதிரைக்கு மட்டும் உரியதன்று. வயலும், கிணறும், நூலகமும், முதியோரும், குழந்தைகளும் இவ்வாறு இடையறாது பேணப்படவேண்டியவர்களும் பேணப்படவேண்டியவையுமே. ஒன்றைப் பெறுவதற்குப் பொருள் வேண்டும். அதனைக் காப்பதற்கு அறிவும், அளவும், அயராமையும் வேண்டும். செஞ்சிக் கோட்டையின் லாயங்களை என்றேனும் காணச் சென்றால், அவற்றில் நின்ற குதிரைகளை மட்டுமன்றி, அவற்றிற்கு வைகறையில் தண்ணீர் சுமந்த பெயரறியாத மனிதரையும் சற்றே நினைத்துப் பாருங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. பாண்டி நாட்டுக்கு வந்த குதிரைகள் மடிந்தமைக்கு மார்க்கோ போலோ கூறும் காரணங்கள் யாவை?
2. குதிரைக்குச் சிறிது சிறிதாகத் தீனியிடுதல் ஏன்?
3. வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியால் அவ்விளைஞர் கற்ற பாடம் யாது?
4. பிறந்த கன்றுக்குச் சீம்பாலின் இன்றியமையாமையை விளக்குக.
5. உங்கள் ஊரில் நாள்தோறும் பேணப்படவேண்டிய ஒன்றனைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.